அடியிரும்பு ஏறிய இடம்

முதலில் கெடுத்தது எதிராஜு.

அதைச் சொல்லாமல் சடையப்பன் எந்தப் பேச்சையும் தொடங்கமாட்டார். மலையடிவாரத்தில் பாவாயியிடமும் அப்படித்தான் தொடங்கினார்.

"எதிராஜுன்னு ஒருத்தன், தாயி. எனக்குக் கூட்டாளி. ராட்டினத்துக்கு நடுக்கம்பம் தூக்கி நிறுத்துறப்ப கயிறு பிடிச்சு நின்னவன். பீடி பத்த வைக்கணும்னு கயிறை விட்டான். கம்பம் என் கால் மேல விழுந்துச்சு. நான் ஆஸ்பத்திரியில கெடக்குறேன். அவன் மலைமேல கோயில் வாசல்ல நின்னு என்ன சொன்னான் தெரியுமா? சடையன் குடிச்சுட்டு வந்து கம்பத்துக்கு அடியில படுத்துட்டான்னு சொன்னான். நான் கள்ளு வாசனைகூடப் பார்த்ததில்லை."

பாவாயி தன் டிராக்டரின் பின்கொக்கிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். சடையப்பனின் மகள் வயதுகூட இருக்காது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டிரெய்லர் கரும்பைக் கட்டி ஆலைக்கு இழுப்பவள். டிரெய்லர் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அவளிடம் போ என்று அந்த ரோட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதிகம் பேசமாட்டாள் என்றும் சொல்வார்கள்.

"சரிங்கண்ணே. வண்டிக்கு என்ன?"

"லாரியையும் அவனே எடுத்துக்கிட்டான்."

"உங்க வண்டிக்கு என்னன்னு கேட்டேன்."

வேனுக்குள்ளிருந்து அவர் மனைவி அங்கம்மாள் தலையை நீட்டினாள்.

"ஆடுது, கண்ணு. பின்னாடி டிரெய்லர் ஆடுது. இந்த மனுசன் அதைச் சொல்ல இன்னும் ஒரு மணி நேரமாகும். எதிராஜு கல்யாணத்துல சாப்பிட்ட கதை வேற பாக்கி இருக்கு."

பாவாயி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வேன் மிகவும் பழையது. ஒரு காலத்தில் ஏதோ ஆஸ்பத்திரிக்கு ஓடியது. பச்சை பெயிண்டுக்கு அடியில் சிவப்புச் சிலுவை இன்னும் மங்கலாகத் தெரிந்தது. கோழி அடைந்து கிடந்த அந்த வண்டியைச் சடையப்பன் கொண்டுவந்து, இரண்டு வருடம் அதற்கு அடியிலேயே படுத்துக் கிடந்து, ஓட வைத்திருந்தார். இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில். முழங்கால் வெந்துபோகும். ஆனாலும் ஓடியது.

வேனுக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். அதில் ராட்டினத்தின் மரக்குதிரைகள்.

"எங்கே போகணும்?"

"மலைமேல. குன்றுடையார் கோயில் திருவிழாவுக்கு. சாயங்காலம் கொடி ஏறுது. கொடி ஏறுறதுக்கு முன்னாடி எவனோட அடியிரும்பு கோயில் வாசல் இலுப்பை மரத்தடி மண்ணைத் தொடுதோ, அந்த வருசம் அந்த இடம் அவனுக்கு."

அடியிரும்பு என்பது நடுக்கம்பம் நிற்கிற வார்ப்பிரும்புப் பீடம். நான்கு பேர் சேர்ந்தால்தான் அசையும்.

"மூணு வருசமா அந்த இடத்துல எதிராஜு அவன் சொந்த ராட்டினத்தை நிறுத்துறான். அவன் எந்த இடத்துல நின்னு என்னைக் குடிகாரன்னு சொன்னானோ, அதே இடம். நான் அங்கே குதிரையை ஓட்டணும். இல்லாட்டி நான் சாகுறவரைக்கும் அந்த மலையில குடிகாரன்தான்."

பாவாயி டிரெய்லரின் பின்கதவைத் திறந்தாள். கதவையொட்டி அடியிரும்பு இருந்தது.

"இது ஏன் வாலுல இருக்கு?"

"முதல்ல எறங்குறது கடைசியா ஏறணும். எங்க தொழில்ல அதுதான் முறை. கதவைத் திறந்தா இரும்பு கையில வரணும். லாரி காலத்துலேர்ந்து அப்படித்தான் ஏத்துறோம்."

"லாரியில ஆடுச்சா?"

"இல்லை."

"இதுல?"

"வாய்க்கால் பாலத்து இறக்கத்துல வேனையே தூக்கி வீசப் பார்த்துச்சு. இவ கத்துன கத்துல எனக்குக் காது போச்சு."

"நான் கத்தலை," என்றாள் அங்கம்மாள். "சாமி பேரைச் சொன்னேன். அதுல உங்க பேரும் வந்திருக்கும்."

பாவாயி சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் போய், உரமூட்டை இழுக்கிற இரட்டைச் சக்கரக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுல ஏறி உக்காருங்க. பின்னாடி ஓரத்துல."

"நானா?"

"நீங்கதான்."

அங்கம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறிப் பின்ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க கைப்பிடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுங்க. அந்த வேப்பமரம் வரைக்கும்."

சடையப்பன் பிடித்தார். பிடித்ததுமே கைப்பிடி மேலே கிளம்பியது. குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. எப்படியோ அமுக்கிக்கொண்டு நடந்தார். நாலடி போவதற்குள் வண்டி அவரை இடப்பக்கம் தள்ளியது. அவர் வலப்பக்கம் இழுத்தார். அது இன்னும் வேகமாக வலப்பக்கம் வந்தது. திரும்ப இடப்பக்கம் இழுத்தார். அது இன்னும் பலமாக வீசியது. அங்கம்மாள் மறுபடியும் சாமி பேரைச் சொன்னாள்.

"நிறுத்துங்க," என்றாள் பாவாயி. "யாரு யாரை இழுத்தது?"

சடையப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, முன்னாடி வாங்க. அவர் கைகிட்ட."

அங்கம்மாள் முன்னால் நகர்ந்தாள். கைப்பிடி தொப்பென்று கீழே இறங்கியது. சடையப்பனின் முதுகு வளைந்தது.

"இடுப்பு ஒடியுது, தாயி."

"இப்பக் கொஞ்சம் பின்னாடி போங்கக்கா. சக்கரத்து அச்சுக்கு முன்னாலயே இருக்கணும். ஆனா ரொம்ப முன்னால வேண்டாம். ஒரு சாண்."

அங்கம்மாள் நகர்ந்து நகர்ந்து ஓர் இடத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப ஓடுங்க."

சடையப்பன் ஓடினார். கம்பம் விழுந்த காலோடு ஓடினார். வேப்பமரம் வரை போய்த் திரும்பியும் வந்தார். வண்டி நாய்க்குட்டி மாதிரி பின்னால் வந்தது.

"கை வலிக்குது," என்றார்.

"வலிக்கணும்."

"ஆனா ஆடலை."

பாவாயி கைவண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனாள்.

சடையப்பன் அவள் பின்னாலேயே போனார்.

"தாயி, நீ சொல்றது புரியுது. ஆனா இரும்பை முன்னாடி ஏத்தினா, மேல போனதும் குதிரை அத்தனையும் எறக்கினாத்தான் இரும்பு வெளியே வரும். அவன் லாரி வந்து நிக்கும். கதவைத் திறப்பான், இரும்பைத் தள்ளிவிடுவான், முடிஞ்சுது. எதிராஜு முந்திக்குவான்."

"எதிராஜு உங்க வண்டியில எங்கே உக்காந்திருக்காரு?"

"என் வண்டியிலயா? அவனை எதுக்கு நான் ஏத்துறேன்?"

"வந்து நின்னதும் முதல்ல அவரைத்தான் எறக்கினீங்க. அப்ப அவரும் வாலுலதான் இருக்காரு."

அங்கம்மாள் முதல் கயிற்றை அவிழ்த்தாள்.

சடையப்பன் இரும்பைத் தாண்டி டிரெய்லருக்குள் ஏறினார்.

பிறகு குதிரைகளை இறக்க ஆரம்பித்தார்.

கரும்பு வெட்டும் ஆட்கள் கைகொடுத்தார்கள். அடியிரும்பு அச்சுக்கு ஒரு சாண் முன்னால் போய் உட்கார்ந்தது. அதைச் சுற்றிக் குதிரைகள். எல்லாவற்றையும் இறுக்கிக் கயிறு போட்டார்கள். பாவாயி டயருக்குக் காற்று பார்த்தாள், சக்கர நட்டுகளைத் திருகிப் பார்த்தாள், பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாற்றிக் கட்டினாள்.

"எதுக்குக் குறுக்கே?"

"கொக்கி கழண்டா மூக்கு ரோட்டுல குத்தாது. சங்கிலி மடியில விழும்."

"வேற?"

"எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல எறங்குங்க. பழைய வண்டி. நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் பைப்பு. அதை நம்பி எறங்காதீங்க."

"பின்னாடி ஆட ஆரம்பிச்சா?"

"காலை எடுங்க. ஸ்டீயரிங்கை நேராப் பிடிங்க. அது ஆடுற பக்கம் நீங்களும் ஆடாதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அது கஷ்டம்."

வேன் மலையேறியது.

இரண்டாவது கியரில், முனகிக்கொண்டு, ஆனால் நிற்காமல் ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லரின் உள்சக்கரம் குறுக்கே வெட்டிவந்து வேனின் தடத்தை விட்டு உள்ளே ஏறப் பார்த்தது. சடையப்பன் ஹாரன் அடித்து, எதிரே வண்டி இல்லை என்று தெரிந்த பிறகு, வெளியே அகலமாகப் போய்த் திரும்பினார். முழங்கால் வெந்தது. அங்கம்மாள் அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டாள்.

பாதி மலையில் பின்னால் ஹாரன் கேட்டது. விடாத ஹாரன்.

கண்ணாடியில் லாரி தெரிந்தது. அந்த லாரியின் நெற்றியில் பழைய பெயரை அழித்த சுவடு சடையப்பனுக்கு எங்கிருந்தாலும் தெரியும். அழிந்தது அவர் பெயர்.

அவர் கால் தானாக அழுந்தியது. வேன் கதறியது. பின்னால் டிரெய்லர் லேசாக ஒரு பக்கம் இழுத்தது.

"ஏங்க," என்றாள் அங்கம்மாள்.

சடையப்பனுக்குக் கைப்பிடி பதிந்த உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காலை எடுத்தார். அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னார்.

லாரி பக்கத்தில் வந்தது. எதிராஜு ஜன்னலில் முழங்கையை ஊன்றியிருந்தான்.

"என்ன சடையா, ஆஸ்பத்திரி வண்டியா? யாருக்குக் காய்ச்சல்?"

சடையப்பன் வாயைத் திறப்பதற்குள் அங்கம்மாள் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் அண்ணே. வழியில விழுந்தா ஏத்திக்கலாம்னு காலி சீட்டு வச்சிருக்கோம்."

லாரி புகையைக் கக்கிக்கொண்டு மேலே போய் மறைந்தது.

"போச்சு," என்றார் சடையப்பன்.

"போகட்டும். ரோடு அங்கேயேதான் இருக்கு."

மலையின் உச்சியைத் தாண்டினால் கோயில் இல்லை. கோயில் உச்சிக்கு அந்தப்பக்கம், ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிற மாதிரி இருக்கிறது. ஏறியவன் எல்லாம் இறங்கியாக வேண்டும்.

உச்சியில் சடையப்பன் வேனை நிறுத்தினார். கீழே இலுப்பை மரம் தெரிந்தது. கொடிமரத்தைச் சுற்றிக் கூட்டம் தெரிந்தது. பொழுது மேற்கு முகட்டுக்கு மேலே இரண்டு பனை உயரத்தில் இருந்தது.

இரண்டாவது கியர் போட்டார். கிளம்பினார்.

இன்ஜின் பற்களைக் கடித்துக்கொண்டு வண்டியைப் பிடித்து வைத்தது. ஆள் நடக்கிற வேகம். ஒரு மாட்டுக்காரன் அவர்களைத் தாண்டிக்கொண்டு போனான்.

மூன்றாவது வளைவில் ரோட்டில் சரளைக்கல் கிடந்தது. டிரெய்லரின் சக்கரம் வழுக்கியது. வால் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. சடையப்பனின் வலதுகால் பிரேக்குக்கு மேலே தவித்தது. கை இரண்டும் திருப்பத் துடித்தன.

காலை எடுத்தார். நேராகப் பிடித்தார்.

டிரெய்லர் இன்னொரு முறை இடப்பக்கம் போனது. பிறகு, பேசிக்கொண்டே வந்தவன் பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி, அடங்கிப் பின்னால் வந்தது.

"நான் கத்தலை," என்றாள் அங்கம்மாள்.

"கேட்டேன்."

அடுத்த வளைவு திரும்பியதும் முதலில் நாற்றம் வந்தது. கருகிய நாற்றம். அதற்கப்புறம் லாரி தெரிந்தது.

ரோட்டோரம் மண்மேட்டில் மூக்கைச் செருகி நின்றிருந்தது. சக்கரங்களிலிருந்து புகை. எதிராஜு குடத்தில் தண்ணீரோடு குனிந்துகொண்டிருந்தான். முந்திப் போகிற அவசரத்தில் மேல் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். பிரேக் வெந்துவிட்டது.

"ஊத்தாதே," என்று சடையப்பன் ஜன்னல் வழியாகச் சொன்னார். "பிரேக் டிரம் வெடிச்சுடும். சக்கரத்துக்குக் கல்லு வை. தானா ஆறட்டும்."

எதிராஜு குடத்தைக் கீழே வைத்தான். வேன் அவனைக் கடந்தது. ஆனால் நடக்கிற வேகத்தில்தான் கடந்தது. அவன் ஜன்னலோடு நடந்துவந்தான்.

"சடையா, நில்லு."

"நிறுத்த முடியாது. இறக்கம்."

"என் அடியிரும்பை மட்டும் உன் வண்டியில போட்டுக்கோ. பொழுது இருக்கு. நீ ஒரு ஓரமா இரு, நான் ஒரு ஓரமா இருக்கேன். இடத்தைப் பகுந்துக்கலாம்."

"எனக்கு நீ தரவேண்டியது ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"ஒரு வார்த்தை. 'கயிறை விட்டது நான்தான்'னு. அதைக் கோயில் வாசல்ல நின்னு சொல்லணும்."

எதிராஜு நடந்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் பழைய கதை, சடையா."

"என் கால் இன்னிக்கும் வலிக்குது."

"கொடி ஏத்தப்போறாங்கடா."

"அப்ப சீக்கிரம் சொல்லு."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான். வளைவு வந்தது. அங்கே நின்றுவிட்டான்.

கண்ணாடியில் அவன் சிறிதாகிக்கொண்டே போனதைச் சடையப்பன் ஒருமுறை பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"டிரம்மையும் காப்பாத்திக் குடுத்தாச்சு," என்றாள் அங்கம்மாள். "இப்ப ரெண்டு வார்த்தை பாக்கி."

வேன் கோயில் திடலுக்குள் நுழைந்தபோது பொழுது முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேளம் ஆரம்பித்திருந்தது. ஊர்க்கவுண்டர் கொடித்துணியைக் கையில் வைத்திருந்தார்.

சடையப்பன் டிரெய்லர் கதவைத் திறந்தார். இரும்பு கையில் வரவில்லை. குதிரைதான் வந்தது.

ஒரு குதிரையை இறக்கினார். இன்னொன்றை இறக்கினார். மஞ்சள் குதிரை, கறுப்புக் குதிரை, காது உடைந்த வெள்ளைக் குதிரை. மூன்று வருடமாக அந்த மலை பார்க்காத குதிரைகள். திடலில் யாரோ "மரக்குதிரை வந்துடுச்சு" என்றார்கள். கூட்டம் கொடிமரத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்பியது. கொல்லன் வந்து ஒரு குதிரையை வாங்கினான். கடலை விற்கிறவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு குதிரையை வாங்கினாள். கைமாறிக் கைமாறிக் குதிரைகள் இலுப்பை மரத்தைச் சுற்றி வட்டமாக நின்றன.

டிரெய்லரில் அடியிரும்பு தனியாக இருந்தது. ஏற்றிய இடத்திலிருந்து ஒரு விரல்கூட நகரவில்லை.

நான்கு பேர் வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் கை வைத்தார்கள். இரும்பு காற்றில் வந்தது, மரத்தடிக்கு வந்தது, மண்ணில் இறங்கியது. அந்தச் சத்தம் சடையப்பனின் உடைந்த காலுக்குள் ஏறி நெஞ்சு வரை போனது.

அதற்குப் பிறகுதான் கொடி ஏறியது.

மேளம் உச்சத்துக்குப் போனது. அங்கம்மாள் மஞ்சள் குதிரையின் மேல் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, ராணி மாதிரி கூட்டத்தைப் பார்த்தாள்.

ஊர்க்கவுண்டர் வந்தார். சுற்றி ஊரே நின்றது. அதே வாசல்.

"சடையப்பா, மூணு வருசமா ஏன் வரலை?"

அங்கம்மாள் குதிரைமேல் இருந்தபடியே கணவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு முதலில் என்ன பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ சந்தையில் கேட்டிருக்கிறாள்.

சடையப்பன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"வண்டி ஆடுச்சுங்க. இப்ப ஆடலை."

ஊர்க்கவுண்டர் அவர் காலைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். அது வந்த மலை ரோட்டைப் பார்த்தார்.

"இந்த வண்டியை, டிரெய்லரோட, அந்த இறக்கத்துல நீயா ஓட்டிட்டு வந்தே?"

"ஆமாங்க."

"குடிகாரன் ஓட்டுற ரோடு இல்லையே அது," என்றார் ஊர்க்கவுண்டர்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சடையப்பன் சிரிக்கவில்லை. குதிரைகளைக் கம்பத்தில் பூட்டப் போனார்.

எதிராஜு மறுநாள் வந்தான். குளத்து மேட்டில் இடம் கொடுத்தார்கள். திருவிழா முடியும் வரை இலுப்பை மரத்துப் பக்கம் அவன் வரவில்லை.

திரும்பும் வழியில் சடையப்பன் பாவாயி கொட்டகையில் வேனை நிறுத்தினார். அவள் டிராக்டருக்கு அடியில் இருந்தாள்.

"ஆடுச்சாண்ணே?"

"ஒரு தடவை. காலை எடுத்தேன்."

"எதிராஜு உண்மையைச் சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்ப அந்தக் கணக்கை மலையிலயே எறக்கிட்டு வந்துட்டீங்களா?"

"எறக்குறதாவது. அது எனக்கு வரவேண்டியது, தாயி. அவன் சொல்றவரைக்கும் என் வண்டியிலதான் இருக்கும்."

பாவாயி டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"எங்கே ஏத்தியிருக்கீங்க?"

"அச்சுக்கு ஒரு சாண் முன்னால," என்றார் சடையப்பன்.